வரிப்பணத்தில் ஆய்வு, வாசிக்க இன்னொரு கட்டணம்

மலேசியாவிலுள்ள கேமரன் மலையின் மண்ணையும் ஆற்றையும் சரிவையும் பற்றி உலக ஆய்விதழ்களில் கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன. அந்த மலையிலேயே குடியிருப்பவர்களால் அவற்றில் பலவற்றைத் திறந்து படிக்க முடியவில்லை.

கைப்பேசியில் ‘கேமரன் ஹைலண்ட்ஸ், நிலச்சரிவு’ என்று ஆங்கிலத்தில் தட்டித் தேடினால், செய்திகளுக்கும் விடுதி விளம்பரங்களுக்கும் கீழே ஓர் ஆய்வுக் கட்டுரை வரும். பிஸ்வஜித் பிரதான், சாரோ லீ என்ற இருவர் எழுதி, ‘லேண்ட்ஸ்லைட்ஸ்’ என்ற பன்னாட்டு ஆய்விதழில் 2010-ல் வெளியானது. சரிவின் கோணம், பாறை, மண், வடிகால் போன்ற விவரங்களை ‘நரம்பணு வலையமைப்பு’ என்ற கணினி முறைக்குக் கொடுத்து, மலையில் எந்தெந்தப் பகுதி சரியக்கூடும் என்று படம் போட்டுக் காட்டுகிற வேலை அது. தலைப்பைப் படிக்கலாம். பத்து வரிச் சுருக்கத்தையும் படிக்கலாம். நம் தோட்டக் குடியிருப்பான லயம் இருக்கிற பக்கம் படத்தில் என்ன நிறம் என்று பார்க்கலாமே என விரலை வைத்தால், கடன் அட்டை எண் கேட்கும் பக்கம் திறக்கும்.

பெரிய பதிப்பகங்கள் ஒரு தனிக் கட்டுரைக்குக் கேட்பது வழக்கமாக 30 முதல் 40 அமெரிக்க டாலர். மலேசியாவில் 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). மாதம் 26 நாள் வேலை என்று வைத்தால் ஒரு நாளைக்குச் சுமார் 65 வெள்ளி. ஆக, தான் குடியிருக்கும் மலையைப் பற்றிய ஒரே ஒரு கட்டுரையைப் படிக்க, கொழுந்து பறிக்கிறவர் ஏறத்தாழ இரண்டு நாள் கூலியைக் கொடுக்க வேண்டும். ஒரு விஷயத்தை ஓரளவு புரிந்துகொள்ளக்கூட ஐந்தாறு கட்டுரைகளாவது வேண்டும் என்பது ஆய்வில் பழக்கப்பட்டவர்களுக்குத் தெரியும்.

2024 ஜனவரி 26 அன்று இதே மலையில் கம்போங் ராஜாவை ஒட்டிய புளூ வேலியில் மண் சரிந்து ஐந்து மியன்மார் தொழிலாளர்கள் புதைந்து இறந்தார்கள். மேலே சொன்ன கட்டுரை இலவசமாகக் கிடைத்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று நான் எழுதமாட்டேன். பல வருடங்களுக்கு முன் வட்டார அளவில் வரைந்த படம், ஒரு குடிசைக்குப் பின்னால் நிற்கும் மண்மேட்டைப் பற்றி எதுவும் சொல்லிவிடாது. நான் சொல்ல வருவது இதைவிட எளிமையானது. மலை சரிந்தால் சாகப்போகிறவர்களுக்கு, அந்த மலையைப் பற்றி என்னென்ன தெரிந்திருக்கிறது என்று பார்க்கும் உரிமை இருக்க வேண்டும். அந்த அறிவைத் தேடப் பொதுப் பணம் செலவாகியிருக்கும்போது, உரிமை இன்னும் கூடுகிறது.

ஆய்வாளர்கள் தேடி வரும் மலை

1885-ல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மேட்டு நிலத்தைக் கண்டு சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு 40 வருடம் போல இங்கே பெரிதாக எதுவும் நடக்கவில்லை. 1920களில் காலனி அரசின் விவசாயத் துறை தானா ராத்தாவில் ஒரு சோதனைப் பண்ணை போட்டு, மலைக்குளிரில் எது விளையும் என்று நட்டுப் பார்த்தது. அவற்றில் தேயிலையும் ஒன்று. 1929-ல் ஜே. ஏ. ரஸ்ஸல் நிலம் வாங்கி ‘போ’ தோட்டத்தைத் தொடங்கினார். 1933-ல் அகர்வால் குடும்பத்தின் பாரத் தேயிலை வந்தது. காட்டை அழித்து, சரிவைக் கொத்தி, நிரை பிடித்துக் கன்று நட்டவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். ஹாபு, ஃபேர்லி, சுங்கை பாலாஸ் என்று தோட்டங்கள் விரிந்தன. லயங்களும் கோயில்களும் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளும் உடன் எழுந்தன.

பிறகு காய்கறித் தோட்டங்கள் வந்தன. பூக்களுக்கும் ஸ்ட்ராபெரிக்கும் பிளாஸ்டிக் கூரைக் குடில்கள் வந்தன. 1963-ல் ரிங்லெட்டுக்குப் பக்கத்தில் சுல்தான் அபு பக்கார் அணை நீர்மின் திட்டத்துக்காக எழுந்தது. விடுமுறை நாட்களில் தாப்பாவிலிருந்து மேலே ஏறும் சாலையில் கார்கள் ஊர்ந்து போகும் அளவுக்குச் சுற்றுலா பெருகியது. காடு, பூர்வகுடிகளின் ஊர்கள், தேயிலை, முட்டைக்கோஸ், அணை, விடுதி எல்லாம் ஒரே நீர்ப்பிடிப்பில் அடுத்தடுத்து இருப்பதால் கேமரன் மலை ஆய்வாளர்களுக்குக் கிடைத்தற்கரிய களம். நிலத்தை எப்படிப் பயன்படுத்தினால் மண்ணும் நீரும் என்ன ஆகும் என்பதை ஒரே மழையில் பக்கத்துப் பக்கத்தில் அளந்து பார்த்துவிடலாம்.

அளந்தும் இருக்கிறார்கள். 1996-ல் டேவிட் மிட்மோரும் கூட்டாளிகளும் இங்குள்ள காய்கறி விவசாயம் மண்ணை எப்படி அரிக்கிறது என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். அது சந்தா கட்டிப் படிக்கும் பன்னாட்டு இதழ் ஒன்றில் வந்தது. 2005-ல் மலேசிய விவசாய ஆய்வு நிறுவனமான மார்டியைச் சேர்ந்த அமினுதீனும் கூட்டாளிகளும் எழுதிய கட்டுரை இன்னும் முக்கியமானது. திறந்த வெளியில் காய்கறி பயிரிட்ட நிலத்தில் ஹெக்டேருக்கு வருடத்துக்கு 24 முதல் 42 டன் மண் கரைந்து போவதாக அவர்கள் கண்டார்கள். மழை படாத கூரைக் குடிலுக்குள் அது 1.3 டன்தான். காய்கறித் தோட்டங்கள் நிறைந்த ஓடைப்பகுதியில் தண்ணீரோடு ஓடிய வண்டல், தேயிலையும் குடில் பூக்களும் இருந்த பகுதியைப் போல 50 மடங்கு. வண்டலோடு உரச்சத்தும் போனது. பூச்சிமருந்தின் எச்சமும் தென்பட்டது.

இந்த எண்களுக்கு ரிங்லெட்டில் முகம் உண்டு. அணைக்குப் பின்னால் இருக்கும் ஏரியை மழை நாளில் போய்ப் பார்த்தால், பாலில் கோப்பி கலந்த நிறத்தில் தண்ணீர் நிற்கும். ஓரத்தில் தூர்வாரும் இயந்திரம் மண்ணை அள்ளிக் குவித்துக்கொண்டிருக்கும். எவ்வளவு அள்ளினாலும் மேலேயிருந்து மண் வந்துகொண்டே இருக்கிறது. ஏரியில் மண் சேரச் சேரத் தண்ணீர் தேங்க இடம் குறைகிறது. 2013 அக்டோபர் 23 அதிகாலை, கடும் மழையில் அணை நீர் திறந்துவிடப்பட்டபோது கீழே பெர்த்தாம் வேலியில் சேற்று வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்து உயிர்களைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு ரிங்லெட் ஏரியின் வண்டல் பற்றியும் வெள்ளம் பற்றியும் கட்டுரைகள் இன்னும் பெருகின.

பெர்த்தாம் வேலியில் வீட்டை இழந்த ஒருவர் இந்தக் கட்டுரைகளை எதற்குப் படிக்க வேண்டும், சுருக்கம் இலவசமாகக் கிடைக்கிறதே, அது போதாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். போதாது. மண் எவ்வளவு போனது என்று சுருக்கம் சொல்லும். எந்த ஓடையில் அளந்தார்கள், எத்தனை மாதம் அளந்தார்கள், பெரும் மழை பெய்த நாட்களைச் சேர்த்தார்களா விட்டார்களா என்பதெல்லாம் உள்ளே இருக்கும். மாவட்ட மன்றக் கூட்டத்தில் எழுந்து நின்று கேள்வி கேட்கிறவருக்கு வேண்டியது அந்த உள்ளே இருப்பதுதான். சுருக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு பேசுகிறவரை, ‘முழுதாகப் படித்தீர்களா?’ என்ற ஒரே கேள்வியில் உட்கார வைத்துவிடலாம்.

யார் பணம்?

ஆய்விதழ் வியாபாரத்தின் கணக்கு வெளியில் இருப்பவர்களுக்கு நம்பக் கடினமாக இருக்கும். ஆய்வுக்கான பணம் பெரும்பாலும் அரசு மானியம். மலேசியாவில் உயர்கல்வி அமைச்சு வழங்கும் அடிப்படை ஆய்வு மானியம் அதில் முக்கியமானது. ஆய்வாளரின் சம்பளம் பொதுப் பல்கலைக்கழகம் தருவது. கட்டுரை எழுதியதற்கு இதழ் அவருக்கு ஒரு காசும் கொடுப்பதில்லை. கட்டுரை தரமானதா என்று படித்துப் பார்த்துச் சொல்லும் சக ஆய்வாளர்களும் சம்பளமில்லாமல்தான் அந்த வேலையைச் செய்கிறார்கள். எல்லாம் முடிந்ததும் பதிப்புரிமை பதிப்பகத்துக்குப் போகிறது. பிறகு அதே பல்கலைக்கழகத்தின் நூலகம், அதே அரசுப் பணத்தில், அந்த இதழுக்குச் சந்தா கட்டுகிறது. நம் வீட்டு அரிசியை நாமே உலையில் போட்டு வடித்துவிட்டு, பந்தியில் உட்காரச் சீட்டு வாங்குவது போன்ற ஏற்பாடு இது. உலகின் மிகப் பெரிய ஆய்விதழ்ப் பதிப்பகம் வருடா வருடம் 30 சதவீதத்துக்கு மேல் லாபம் காட்டுவது இப்படித்தான்.

தோட்டத் தொழிலாளி வருமான வரி கட்டுவதில்லையே, அவருக்கு இதில் என்ன பங்கு என்று யாரும் கேட்க வேண்டாம். கடையில் வாங்கும் பொருளில் விற்பனை வரியை அவரும் கட்டுகிறார். அதற்கும் மேலாக, இந்த மலையிலிருந்து நாட்டுக்குப் போன செல்வத்தில் நான்கு தலைமுறை உழைப்பு அவருடையது.

இங்கே ஒரு பழைய கதையை நினைவுபடுத்த வேண்டும். தானா ராத்தா சோதனைப் பண்ணை காலத்தில் மலாயா விவசாயத் துறை சொந்தமாகவே ஓர் இதழ் நடத்தியது. 1922-ல் தொடங்கிய ‘மலாயன் அக்ரிகல்சுரல் ஜர்னல்’ அது. எந்த மண்ணுக்கு எந்தப் பயிர், எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து என்று அரசு விஞ்ஞானிகள் கண்டதை எல்லாம் அதில் எழுதினார்கள். தோட்ட முதலாளிகள் படித்தார்கள், பயன்பட்டார்கள். அரசுப் பணத்தில் ஆய்வு செய்து, அரசுப் பணத்திலேயே அச்சிட்டு, தேவைப்பட்டவர் கைக்குக் கொண்டுசேர்க்கும் ஏற்பாட்டைக் காலனி அரசு அன்றே செய்திருக்கிறது. தேவைப்பட்டவர் யார் என்பதில்தான் கோளாறு. துரைமார் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். கங்காணிக்குக் கீழே நின்றவர்கள் இல்லை. நூறு வருடம் கழித்து அந்தப் பட்டியலை விரிப்பதற்குப் பதில், பட்டியலையே ஒரு வெளிநாட்டு நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டோம்.

இன்றைக்குத் தோட்டத்துப் பிள்ளைகள் பல்கலைக்கழகம் போகிறார்கள். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, இடைநிலைப்பள்ளி முடித்து, கல்விக் கடன் வாங்கி, புத்ரா பல்கலைக்கழகத்திலோ சபாவிலோ படித்துவிட்டு வருகிறவர்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் உண்டு. படிக்கிற நான்கு வருடம் பல்கலைக்கழகம் சந்தா கட்டிய எந்த இதழும் அவர்களுக்குத் திறக்கும். பட்டம் வாங்கியபின் நூலகக் கணக்கு மூடப்படும். இறுதியாண்டு ஆய்வேட்டுக்காகப் படித்த அதே கட்டுரையைத் திரும்பத் திறக்கப் போனால், இப்போது விலை கேட்கும். மலைக்குத் திரும்பி வந்து ஆசிரியர் ஆனவருக்கும், காய்கறித் தோட்டம் எடுத்து நடத்துகிறவருக்கும், நிருபருக்கும், 2001-லிருந்து மலையின் சூழலுக்காகக் குரல் கொடுத்துவரும் ‘ரீச்’ போன்ற உள்ளூர்த் தொண்டு அமைப்புக்கும் இதே நிலைதான். ஊருக்குள் கொஞ்சம் படித்தவர் யாரோ அவரிடமே அந்தப் படிப்பை மேலே கொண்டுபோக வழியில்லாமல் செய்துவிடுகிறோம்.

தமிழருடைய சொந்த வரலாற்றுக்கும் இதே கதி. சந்து என்ற ஆய்வாளரின் ‘இந்தியன்ஸ் இன் மலாயா’ நூலை 1969-ல் கேம்பிரிட்ஜ் வெளியிட்டது. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த சின்னப்பா அரசரத்தினத்தின் நூலை ஆக்ஸ்ஃபோர்ட் வெளியிட்டது. தோட்டத் தொழிலாளர் பற்றி எழுத நினைக்கும் எவரும் தாண்ட முடியாத நூல்கள் இவை. லயத்தில் பிறந்த ஒருவர் தன் பாட்டி எந்தக் கப்பலில் எந்த முறையில் வந்திருப்பார் என்று தெரிந்துகொள்ள விரும்பினால், பெரிய நூலகம் இருக்கும் நகரத்துக்கு இறங்கிப் போக வேண்டும்.

கட்டணம் இடம் மாறினால் போதுமா?

இந்த அநியாயத்தை உலகம் கவனிக்காமல் இல்லை. 2002 பிப்ரவரியில் புடாபெஸ்டில் வெளியான அறிக்கை, ஆய்வுக் கட்டுரைகள் யாரும் இணையத்தில் இலவசமாகப் படிக்கக்கூடியவையாக இருக்க வேண்டும் என்றது. திறந்த அணுகல் இயக்கம் வேகம் பிடித்தது அங்கிருந்துதான். 2018-ல் ஐரோப்பிய அரசு நிதியமைப்புகள் சேர்ந்து, எங்கள் பணத்தில் நடந்த ஆய்வு வெளியாகும் நாளிலேயே எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று ‘பிளான் எஸ்’ கொண்டுவந்தன. 2022 ஆகஸ்டில் அமெரிக்க வெள்ளை மாளிகையின் அறிவியல் அலுவலகமும் அதே வழிக்கு வந்தது. 2025 ஜூலை 1 முதல் அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு நிதியில் எழுதப்படும் கட்டுரைகள் காத்திருப்புக் காலமின்றிப் பொதுக் களஞ்சியத்தில் வந்தாக வேண்டும்.

பதிப்பகங்கள் இதற்குப் பதில் கண்டுபிடித்தன. வாசகரிடம் வாங்கிய காசை எழுதுகிறவரிடம் வாங்கத் தொடங்கின. வெளியீட்டுக் கட்டணம் என்று அதற்குப் பெயர். ‘நேச்சர்’ இதழ் 2020-ல் இந்தக் கட்டணத்தை அறிவித்தபோது கேட்டது ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ. கேமரன் மலைத் தொழிலாளியின் குறைந்தபட்சச் சம்பளக் கணக்கில் அது இரண்டு வருட உழைப்புக்கும் மேல். நடுத்தர இதழ்கள்கூட ஆயிரக்கணக்கான டாலர் கேட்கின்றன. கட்டணம் வாங்கி எதையும் வெளியிடும் போலி இதழ்கள் ஒரு பக்கம் முளைத்தன. வேகமாக, ஏராளமாக வெளியிட்டு வளர்ந்த பதிப்பகங்களின் தரம் பற்றி இன்னொரு பக்கம் கேள்விகள் எழுந்தன. 2023-ல் மலேசிய உயர்கல்வித் துறை, மூன்று பன்னாட்டுப் பதிப்பகங்களின் இதழ்களுக்கு அரசுப் பணத்தில் வெளியீட்டுக் கட்டணம் கட்ட வேண்டாம் என்று பொதுப் பல்கலைக்கழகங்களுக்கு அறிவுறுத்தியது.

கட்டணத்தை வாசகர் தலையிலிருந்து இறக்கி எழுத்தாளர் தலையில் வைத்தால், மலையில் இருப்பவர் படிக்க முடியும் என்பது உண்மை. ஆனால் பாக்கெட்டிலிருந்து போகும் பணம் அதே வரிப்பணம். போய்ச் சேரும் கல்லாவும் அதே கல்லா. மானியம் கிடைக்காத சிறிய பல்கலைக்கழகத்து ஆய்வாளரும், மானியமே இல்லாமல் தோட்ட வரலாறு தேடும் ஆசிரியரும் எழுதவே முடியாமல் போவார்கள். இந்த வழியை நான் ஏற்கவில்லை.

இந்தியா வேறொரு வழியில் போயிருக்கிறது. 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ‘ஒரே நாடு, ஒரே சந்தா’ திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று வருடங்களுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 மின்னிதழ்கள், 6,300-க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்கள், சுமார் 1.8 கோடி மாணவர்களும் ஆசிரியர்களும். பெரிய நகரத்து ஐ.ஐ.டி.க்கு மட்டும் கிடைத்தது உதகை அரசுக் கல்லூரி மாணவிக்கும் கிடைக்கிறது. இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் ஒரு கட்டுரைக்காக வெளிநாட்டுப் பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் எழுதிக் காத்திருந்த தலைமுறை ஒன்று உண்டு.

ஆனாலும் 6,000 கோடி கொடுத்து வாங்கியது வாடகை உரிமை. 2027 முடிந்ததும் மறுபடி பேரம் பேச வேண்டும். வால்பாறைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளிக்கோ, கூடலூரில் இருக்கும் தனியார் கல்லூரி மாணவனுக்கோ, வேலை தேடிக்கொண்டிருக்கும் பட்டதாரிக்கோ அந்தக் கதவு திறக்காது. இந்திய விஞ்ஞானியின் கட்டுரையை மலேசியாவிலோ இலங்கையிலோ இருக்கும் ஒருவர் படிக்கவும் அந்தப் பணம் உதவாது. சென்னையிலிருந்து பல வருடங்களாகத் திறந்த அணுகலுக்காக எழுதியும் பேசியும் வந்த சுப்பையா அருணாசலம் போன்றவர்கள் கேட்டது, நம் ஆய்வை நாமே களஞ்சியத்தில் இட்டு எல்லாருக்கும் திறந்துவிட வேண்டும் என்பது. அதற்கும் இந்தியாவில் விதி இருக்கிறது. அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2014 டிசம்பரிலேயே அப்படி ஒரு கொள்கையை வெளியிட்டன. நடைமுறையில் கேட்பாரில்லை. ஆய்வேடுகள் விஷயத்தில் மட்டும் உருப்படியாக ஒன்று நடந்திருக்கிறது. ‘சோத்கங்கா’ களஞ்சியத்தில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட முனைவர் பட்ட ஆய்வேடுகள் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி கிடைக்கின்றன. நீலகிரி தேயிலைத் தொழிலாளர் பற்றி எழுதப்பட்ட ஆய்வேட்டை ரிங்லெட்டில் உட்கார்ந்து படிக்கலாம்.

கையில் இருப்பதைக் கவனிக்காத நாடு

மலேசியாவின் நிலைமை இன்னும் விசித்திரமானது. எனக்கு நம்பிக்கை தருவதும் அதுதான். தேவையான ஏற்பாடு பாதிக்கு மேல் இங்கே ஏற்கெனவே இருக்கிறது. தேசியப் பல்கலைக்கழகம் 1972-லிருந்து ‘சைன்ஸ் மலேசியானா’ வெளியிடுகிறது. புத்ரா பல்கலைக்கழகம் 1978-லிருந்து ‘பெர்த்தானிக்கா’ வெளியிடுகிறது. பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தின் ‘கஜியான் மலேசியா’ 1983-லிருந்து வருகிறது. மார்டிக்கும் சொந்தமாக வேளாண் ஆய்விதழ் உண்டு. பல்கலைக்கழகமே பணம் போட்டு நடத்துகிற இதுபோன்ற பல இதழ்களை இணையத்தில் யாரும் காசில்லாமல் படிக்கலாம்.

தமிழுக்கும் இதில் இடம் இருக்கிறது. தனிநாயகம் அடிகள் தலைமையேற்று நடத்திய மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை, 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டுக்கு முன்னின்ற துறை, இன்று ‘தமிழ்ப் பேராய்வு’ என்ற இதழை இணையத்தில் இலவசமாக வெளியிடுகிறது. தஞ்சோங் மாலிமில் தமிழாசிரியர்களை உருவாக்கும் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்திலிருந்து ‘வளர்தமிழ்’ ஆய்விதழ் வருகிறது. சுங்கை பாலாஸில் இருக்கும் ஒரு தமிழாசிரியர் இரவு எட்டு மணிக்கு இவற்றைக் கைப்பேசியில் திறந்து படித்து மறுநாள் வகுப்புக்குப் பயன்படுத்தலாம். பதிப்பகமும் இல்லை, விலையும் இல்லை. எழுதுகிறவரிடமும் காசு வாங்காதபோது கல்வி உலகில் இதை வைர முறை என்கிறார்கள்: எழுதவும் கட்டணமில்லை, படிக்கவும் கட்டணமில்லை, செலவைப் பொது நிறுவனம் ஏற்கிறது.

அப்படியானால் கேமரன் மலை பற்றிய முக்கியக் கட்டுரைகள் ஏன் இந்த இதழ்களில் வராமல் வெளிநாட்டு இதழ்களுக்குப் போகின்றன? ஆய்வாளர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அரசே ‘மைரா’ என்ற மதிப்பீட்டு முறையில் பல்கலைக்கழகங்களை எடைபோடுகிறது. எத்தனை கட்டுரை பன்னாட்டு அட்டவணையில் ஏறிய இதழ்களில் வந்தது, எத்தனை பேர் அதை மேற்கோள் காட்டினார்கள் என்பது அங்கே பெரிய கணக்கு. பதவி உயர்வும் அதைப் பார்க்கிறது. முனைவர் பட்டத்துக்கும் அப்படிப்பட்ட இதழில் கட்டுரை கேட்கிறார்கள். இளம் விரிவுரையாளர் ஒருவர் ரிங்லெட் ஏரியை மூன்று வருடம் அளந்து எழுதினால், அந்தக் கட்டுரையைத் தன் பல்கலைக்கழக இதழுக்குக் கொடுப்பதைவிட ஜெர்மனியிலோ நெதர்லாந்திலோ இருக்கும் பதிப்பகத்துக்குக் கொடுப்பதே அவருக்கு வாழ்க்கை. ஒரு கையால் இலவச இதழ்களை நடத்தும் அரசு, மறு கையால் நல்ல கட்டுரைகளை அவற்றிடமிருந்து பிடுங்கிவிடுகிறது. இந்த மதிப்பீட்டு முறை மாறாமல் எவ்வளவு நிதி ஒதுக்கினாலும் பள்ளத்துக்குத்தான் ஓடும்.

மாற முடியும் என்பதற்குப் பிரேசில் சாட்சி. சாவ் பாவ்லோ மாநிலத்தின் வரி வருவாயில் 1 சதவீதம் ‘ஃபபெஸ்ப்’ என்ற ஆய்வு நிதியத்துக்குப் போக வேண்டும் என்று அந்த மாநில அரசியல் சட்டமே சொல்கிறது. அந்த நிதியத்தின் ஆதரவில் 1997-ல் ‘சைலோ’ என்ற இணையத் தொகுப்பு தொடங்கியது. உள்ளூர் இதழ்களைத் தரம் பார்த்துச் சேர்த்து, போர்த்துக்கீசிலும் ஸ்பானியத்திலும் ஆங்கிலத்திலும் முழுக் கட்டுரைகளையும் திறந்து வைத்தது. இன்று லத்தீன் அமெரிக்காவின் பெரும்பகுதிக்கு அது பொதுச் சொத்து.

வரியில் ஒரு பங்கைப் படிப்புக்கென்றே கட்டிவைக்கும் யோசனை தமிழர்களுக்குப் புதிதும் இல்லை. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதனின் விடாமுயற்சிக்குப் பலனாக 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. இன்றும் தமிழ்நாட்டில் சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரி சேர்கிறது. ஊர்க் கிளை நூலகத்தில் நாளிதழ் படிக்கும் முதியவரும் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பெண்ணும் அந்த 10 காசில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அன்று ரங்கநாதன் கேட்டது அச்சுப் புத்தகத்துக்கு. தன் நூலக விதிகளை அவர் 1931-ல் எழுதியபோது ஆய்விதழ் ஒன்றைப் பொத்தானில் திறக்கலாம் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் வாசகனுக்கும் நூலுக்கும் நடுவில் காசு நிற்கக் கூடாது என்ற அவருடைய பிடிவாதம் இதற்கும் அப்படியே பொருந்தும்.

படிக்கக் கிடைத்தாலும் புரிய வேண்டுமே

கட்டுரை இலவசமாகக் கிடைத்துவிட்டால் வேலை முடிந்ததாகிவிடாது. நரம்பணு வலையமைப்பு பற்றிய ஆங்கிலக் கட்டுரையைப் படித்துத் தன் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் சரிவைப் புரிந்துகொள்ள எத்தனை பேரால் முடியும்? இன்று தேயிலைத் தோட்டங்களிலும் காய்கறித் தோட்டங்களிலும் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா, மியன்மார் என்று பல நாட்டவர் வேலை செய்கிறார்கள். கத்தரிக்கோலாலும் இயந்திரத்தாலும் கொழுந்து வெட்டும் கைகளில் தமிழ்க் கைகள் குறைந்துவிட்டன. ஆற்றோரம் வாழும் பூர்வகுடிகளான செமாய் மக்களுக்கு அவர்கள் மொழி இருக்கிறது. பூச்சிமருந்து கலந்த ஓடைத் தண்ணீரால் முதலில் பாதிக்கப்படுவது இவர்கள் எல்லாரும்தான்.

எனவே பொது நிதி இரண்டு வேலைக்குப் போக வேண்டும் என்று நினைக்கிறேன். ஒன்று, மானியம் பெற்ற எந்தக் கட்டுரையானாலும், எந்த இதழில் வந்தாலும், ஏற்கப்பட்ட கையெழுத்துப் பிரதி பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் இடப்பட வேண்டும். பெரும்பாலான பதிப்பகங்கள் ஏதோ ஒரு காலக்கெடுவுக்குப் பிறகாவது இதை அனுமதிக்கின்றன. மலாயா, புத்ரா போன்ற பல்கலைக்கழகங்களில் களஞ்சியம் பல வருடங்களாக இயங்குகிறது. புதிதாகக் கட்ட எதுவுமில்லை; இடுவதைக் கட்டாயமாக்கினால் போதும். இரண்டாவது வேலைக்குத்தான் கொஞ்சம் பணம் வேண்டும். ஆய்வு நடந்த ஊரில் பேசும் மொழிகளில், எட்டாவது படித்தவருக்கும் புரியும்படி, ஒரு வரைபடத்தோடு இரண்டு பக்கச் சுருக்கம். மொழிபெயர்க்கத் தமிழாசிரியர்கள் இருக்கிறார்கள். மலாய்க்கு ஆள் பஞ்சமில்லை. வங்காளமும் நேப்பாளியும் தெரிந்தவர்கள் தோட்டத்திலேயே கிடைப்பார்கள். நடுத்தரமான ஓர் இதழின் வெளியீட்டுக் கட்டணத்துக்கு ஆகும் பணத்தில் இப்படிப் பல சுருக்கங்களை அச்சடித்துக் கொடுத்துவிடலாம்.

ஆய்வாளர்கள் இதற்குத் தயங்குவார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். நான் அறிந்தவரை அவர்களில் பலர் தங்கள் முடிவுகள் ஊராருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று மனதார விரும்புகிறவர்கள். அதற்கு மதிப்பெண் இல்லை, நேரமில்லை, நிதியில்லை என்பதே அவர்கள் குறை. மானிய விண்ணப்பத்தில் கருவி வாங்க ஒரு பத்தி இருக்கிறது, பயணப்படிக்கு ஒரு பத்தி இருக்கிறது, மாநாட்டுக்குப் போக ஒரு பத்தி இருக்கிறது. கேமரன் மலையில் மண்ணும் தண்ணீரும் மாதிரி எடுக்கப் போகிறவர், முடிவை ரிங்லெட்டிலும் கம்போங் ராஜாவிலும் இருப்பவர்களுக்கு எந்த மொழிகளில், எந்த மாதத்துக்குள் கொண்டுவந்து கொடுப்பார், அதற்கு எத்தனை வெள்ளி வேண்டும் என்று எழுதுவதற்கு இன்னொரு பத்தியை உயர்கல்வி அமைச்சு அடுத்த சுற்று விண்ணப்பத்திலேயே சேர்க்கலாம்.